ஐரிஷ் குடும்பப் பெயரைப் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி: சல்லிவன்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

அயர்லாந்தில் வெறும் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். 1890இல் பதிவான பிறப்புகளை வைத்து ராபர்ட் மாதசன் என்ற பதிவுத் துறை அதிகாரி ஒரு பட்டியல் போட்டார். அதில் மர்ஃபி முதலிடம், கெல்லி இரண்டாவது, சல்லிவன் மூன்றாவது. சல்லிவன்களில் பெரும்பாலானோர் கார்க், கெர்ரி என்ற இரண்டே மாவட்டங்களில். ஆகவே "ஜான் சல்லிவன், கெர்ரி, அப்பா பெயர் டேனியல்" என்று தேடினால் பக்கம் பக்கமாக ஆட்கள் வருவார்கள், எல்லோருக்கும் அப்பா டேனியல்தான், பாதிப் பேருக்கு அம்மா மேரி.

இந்தக் கூட்டத்தில் உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது ஊர் இல்லை, நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. சிலவற்றில் ஐந்தாறு வீடுகள், சிலவற்றில் ஆடு மேயும் மலை மட்டும். நான் இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு ஏடும் டவுன்லேண்ட் வாரியாகத்தான் எழுதப்பட்டது, அல்லது டவுன்லேண்ட் தெரிந்தால்தான் பயன்படும். அதனால் முதல் வேலை பெயரைத் துரத்துவது அல்ல, அந்த டவுன்லேண்டைப் பிடிப்பது.

டவுன்லேண்டுக்கு மேலே சிவில் பாரிஷ் என்ற நிர்வாகப் பிரிவு, அதற்கு மேலே பாரனி, அப்புறம் கவுண்டி, அதாவது மாவட்டம். இதற்குக் குறுக்கே கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி, அது தனி எல்லை. அதற்கும் குறுக்கே 1838க்குப் பிறகு ஏழை நிவாரணத்துக்காக வந்த பூவர் லா யூனியன். சென்சஸுக்கு வேறொரு தேர்தல் பிரிவு. நம்மூரில் வருவாய் கிராமம் ஒன்று, ஊராட்சி வேறு, காவல் நிலைய எல்லை இன்னொன்று என்று இருக்குமே, அதே கதைதான். உங்கள் டவுன்லேண்ட் இவை ஒவ்வொன்றிலும் எதற்குள் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி எதிரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லாகனிம் (logainm.ie) என்ற அரசு இடப்பெயர்த் தளமும் டவுன்லேண்ட்ஸ் டாட் ஐஇ தளமும் இதற்குப் போதும், இரண்டும் இலவசம்.

தேடலை அயர்லாந்துக்கு வெளியே தொடங்குங்கள்

இது பலருக்கு ஏற்க முடியாத அறிவுரை. நேராக டப்ளின் ஆவணங்களுக்குள் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் குடும்பம் அயர்லாந்தை விட்டுப் போயிருந்தால், எந்த மூலையிலிருந்து போனார்கள் என்ற விவரம் போன இடத்தில்தான் கிடக்கும். அமெரிக்கக் குடியுரிமைக் காகிதங்களை நம்பிப் பயனில்லை. 1906க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்பதோடு சரி. கத்தோலிக்கத் திருமணப் பதிவேடு, கல்லறைக் கல், பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு, ஆஸ்திரேலியா என்றால் பெற்றோர் பெயர் தாங்கிய இறப்புச் சான்று, இவைதான் வாய் திறக்கும். பாஸ்டனில் வெளியான பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, தொலைந்துபோன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. அவற்றில் ஊர், பங்கு எல்லாம் இருக்கும்.

ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். கெர்ரியின் தெற்கே, பியாரா தீபகற்பத்தின் வடக்குக் கரையில் டூசிஸ்ட் என்ற பங்கு இருக்கிறது. சல்லிவன்கள் நிறைந்த இடம். கென்மேரைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் லான்ஸ்டவுன் பிரபுவுடையது. 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தாரே, அதே லான்ஸ்டவுன் வம்சம். இது அவருடைய தாத்தா காலத்துக் கதை. 1845 முதல் 1852 வரை அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் கடைசியில், 1851 வாக்கில், பட்டினியில் கிடந்த குடியானவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பதைவிடக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மலிவு என்று எஸ்டேட் ஏஜெண்ட் வில்லியம் ஸ்டூவர்ட் ட்ரெஞ்ச் கணக்குப் போட்டார். ஆயிரக்கணக்கானோர் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெருங்கூட்டம் நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரியில் போய்ச் சேர்ந்தது. அங்கே 1850இல் தொடங்கிய எமிகிரண்ட் சேமிப்பு வங்கியில் இவர்கள் கணக்குத் திறந்தார்கள். பணம் எடுக்க வருகிறவர் கணக்குக்காரர்தானா என்று கேள்வி கேட்டுச் சோதிப்பதற்காக வங்கிக்காரர்கள் ஒரு ஏடு வைத்திருந்தார்கள்: பிறந்த கவுண்டி, பங்கு, பெற்றோர் பெயர், கூடப்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி பெயர், வந்த கப்பல். வங்கி தன் பாதுகாப்புக்கு எழுதி வைத்தது இன்று வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் புதையல். "கெர்ரி, டூசிஸ்ட்" என்று அதில் ஒரு வரி கிடைத்தால் போதும், பல்லாயிரம் சல்லிவன்கள் சில நூறாகச் சுருங்கிவிடுவார்கள்.

பட்டாளத்துக்குப் போனவர் என்றால் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆள்சேர்ப்புப் பத்திரத்தைப் பாருங்கள், பிறந்த பாரிஷும் பக்கத்து ஊரும் அதில் எழுதியிருக்கும். சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் பெயர் உள்ளவர்களுக்கு வழி பெரும்பாலும் இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம், அந்தப் படை மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாகவே மாறிவிட்டது.

பெயரின் எல்லா முகங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

ஓ'சல்லிவன், சல்லிவன், சுலிவன், சில்லிவன் என்று குமாஸ்தா காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார். முன்னால் வரும் ஓ, மக் இரண்டும் ஆங்கில ஆட்சியில் உதிர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேலிக் (பழைய ஐரிஷ் மொழி, பண்பாட்டு) மறுமலர்ச்சியோடு மெல்லத் திரும்பி வந்தன. ஒரே ஆள் 1901இல் சல்லிவன், 1911இல் ஓ'சல்லிவன் என்று இருப்பது சர்வ சாதாரணம். இதைவிடப் பெரிய பொறி, மொழிபெயர்க்கப்பட்ட பெயர்கள்: கேவன் மாவட்டத்து ஸ்மித்களில் பலர் மக்கவன் வம்சத்தினர், ஏனென்றால் அந்தக் கேலிக் பெயருக்குப் பொருள் கொல்லன் மகன். பியாராவில் ஹாரிங்டன் என்று யாரையாவது பார்த்தால் இங்கிலாந்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஐரிஷ் குடிப்பெயர் ஒன்றுக்கு மாட்டிய ஆங்கில முகமூடி.

முதல் பெயர்களும் இதே லட்சணம்தான். ஜெரமையா, டார்பி, டியர்முட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். டிமொத்தி, தேடி (Thady), டைக் மூன்றும் ஒன்று. யூஜின் என்றால் ஓவன். கார்னீலியஸ் என்றால் கான், கானர். ஹொனோரா என்பவர் நோரா. பாதிரியார் லத்தீனில் எழுதினால் ஜான் ஜோவான்னஸ் ஆவார், ஜேம்ஸ் யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ்.

ஒரே பெயர்க்காரர்கள் குவிந்த ஊர்களில் கிளைக்குக் கிளை பட்டப்பெயர் உண்டு: வெள்ளையர் என்ற பொருளில் பான், செம்பட்டையர் என்ற பொருளில் ருவா, இப்படி. சில பாதிரியார்கள் அதையும் ஏட்டில் குறித்தார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள், பத்துப் பக்கத் தேடலை அந்த ஒரு சொல் மிச்சப்படுத்தும்.

அரசுப் பதிவு: 1864 முதல்

பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணம் எல்லாம் 1864 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவில் ஏறின. மற்ற சபையாரின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலே. ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ என்ற அரசுத் தளத்தில் மூல ஏட்டின் படமே இலவசமாகக் கிடைக்கிறது: 100 ஆண்டு தாண்டிய பிறப்புகள், 75 ஆண்டு தாண்டிய திருமணங்கள், 50 ஆண்டு தாண்டிய இறப்புகள். காசு வாங்கும் தளங்களுக்கு ஓடுவதற்கு முன் இதை முழுதாகக் கறந்துவிடுங்கள்.

மூன்றில் அதிக மதிப்பு திருமணப் பதிவுக்குத்தான். மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் அதில் இருக்கும், ஆக ஒரே தாளில் இரண்டு தலைமுறை. பிறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கும். சல்லிவன்களுக்கு நடுவே உங்கள் வீட்டைப் பிரித்துக் காட்டப்போவது இதுதான், ஏனென்றால் டேனியல் சல்லிவன் ஐம்பது பேர் இருந்தாலும் ஹொனோரா ஷேயைக் கட்டிய டேனியல் சல்லிவன் அந்தப் பங்கில் ஒருவரோ இருவரோதான். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. ஆனால் தகவல் சொன்னவர் யார் என்று இருக்கும், பெரும்பாலும் மகள் அல்லது மருமகன், அங்கிருந்து இன்னொரு கிளை திறக்கும்.

பிறந்த தேதியை மட்டும் வேதவாக்காக எடுக்காதீர்கள். கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால், தாமதமாக வந்த அப்பாக்கள் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அயர்லாந்தில் ஏராளம்.

1901, 1911 சென்சஸ்

மற்ற சென்சஸ்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1821 முதல் 1851 வரையிலானவை 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. சில துண்டுகளே மிஞ்சின. பழியெல்லாம் அந்தத் தீயின் மேலேயே போடுகிறார்கள். உண்மையில் 1861, 1871 ஏடுகளை அரசே முன்பே அழித்திருந்தது, 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. 1921இல் விடுதலைப் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18இல் எடுக்கப்பட்டது, அதற்கு 100 ஆண்டு ரகசிய விதி, அதாவது 2026 ஏப்ரல் வரை.

ஆக 1922க்கு முந்தையவற்றில் முழுசாக இருப்பவை 1901, 1911. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். 1911 படிவத்தில் திருமணமான பெண் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை குழந்தை பெற்றாள், எத்தனை உயிரோடு என்று மூன்று எண்கள் இருக்கும். 1911இலிருந்து அந்த ஆண்டுகளைக் கழித்தால் கல்யாண ஆண்டு கைக்கு வந்துவிடும். குடும்பப் படிவத்தோடு நிறுத்தாமல் பி1 என்ற வீட்டுப் படிவத்தையும் திறந்து பாருங்கள்: எத்தனை ஜன்னல், கூரை ஓடா வைக்கோலா, நிலம் யாருடையது. அந்த டவுன்லேண்டின் எல்லா வீடும் ஒரே தாளில் இருப்பதால் அண்ணன் தம்பி வீடுகள் பக்கத்துப் பக்கத்திலேயே தெரியும்.

வயது விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1901இல் 55 என்று இருந்தவர் 1911இல் 70 ஆகியிருப்பார். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, 1909 ஜனவரி முதல் 70 வயதானால் பணம். பிறப்புச் சான்று இல்லாத தலைமுறை அது, ஆகவே எல்லோரும் சட்டென்று கிழவரானார்கள். இதில் நமக்கு ஒரு லாபம். வயதை நிரூபிக்க, அப்போது இன்னும் எரியாமல் இருந்த 1841, 1851 ஏடுகளில் தேடித் தரச்சொல்லி மனுப் போட்டார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. விண்ணப்பித்தவரின் அப்பா, அம்மா, 1841 அல்லது 1851இல் வாழ்ந்த டவுன்லேண்ட் எல்லாம் அதில் உண்டு. எரிந்துபோன ஏட்டின் ஒரு வரி இப்படித் திரும்பக் கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலேயே சென்சஸ் தேடல் படிவங்கள் என்று தனியாக இருக்கிறது, ஏனோ பலர் திறப்பதே இல்லை.

பங்குப் பதிவேடுகள்

1864க்கு முன்னால் போக இதுதான் பாலம். அரசுச் சபையாக இருந்த ஆங்கிலிக்கன் சர்ச் ஆஃப் அயர்லாந்தின் ஏடுகளைப் பொது ஆவணம் என்று சொல்லி டப்ளினுக்கு வாங்கி வைத்தார்கள், அதில் பாதிக்கு மேல் 1922இல் சாம்பல். கத்தோலிக்க ஏடுகளை யாரும் பொருட்படுத்தவில்லை, அவை அந்தந்தப் பங்குத்தந்தை வீட்டிலேயே கிடந்தன, தப்பித்தன. சுமார் 1880 வரையிலான ஏடுகளைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் போட்டது. வெறும் படங்கள், பெயர் தேடும் வசதி கிடையாது. அட்டவணை வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி, அல்லது ரூட்ஸ்அயர்லாந்து தளங்களுக்குப் போகலாம். கெர்ரி மறைமாவட்டத்துக்கு மேலே சொன்ன ஐரிஷ்ஜீனியாலஜி தளத்திலேயே இலவசமாகத் தேடலாம். பியாராவின் கார்க் பகுதியும் இந்த மறைமாவட்டத்தில்தான் வருகிறது, எனவே நம் சல்லிவன்களுக்கு அதிர்ஷ்டம்.

கையெழுத்தில் தேட வேண்டி வந்தால் ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களில் ஆரம்பியுங்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் கூட்டமாகக் கட்டி வைத்தார்கள். கல்யாணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும். மாப்பிள்ளை பங்கில் இல்லை என்றால் அக்கம்பக்கத்துப் பங்குகளைப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதி வையுங்கள். முதல் குழந்தைக்கு நின்றவர் பெரும்பாலும் பெற்றோரின் கூடப்பிறந்தவராக இருப்பார், இன்னொரு பக்கத்து உறவு அப்படியே வெளியே வரும்.

பெயர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு, நமக்கு அதை விளக்கவே வேண்டாம்: மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா, இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா, மகள்களுக்கு அம்மாவின் அம்மாவிலிருந்து ஆரம்பம். எல்லோரும் கடைப்பிடித்ததில்லை. துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல.

கிரிஃபித் மதிப்பீடு

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி மதிப்புப் போட்டு அச்சிட்டார்கள். எரிந்துபோன சென்சஸ்களுக்குப் பதிலாக இன்று நம்மிடம் இருப்பது இதுதான். ஆஸ்க் அபௌட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம்.

ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஓர் எண், அது வரைபடத்தில் உள்ள நிலம். பெரிய எழுத்து வந்தால் அந்த நிலத்தின் துண்டுகள், சின்ன எழுத்து வந்தால் அதில் உள்ள வீடு. அடுத்து குடியிருப்பவர் பெயர், அப்புறம் யாரிடம் குத்தகை. பிறகு "வீடு, ஆபீஸ்கள், நிலம்" என்று இருக்கும். ஆபீஸ் என்றதும் மலைக்க வேண்டாம், மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் அறையும்தான். பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச்சில்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். கடைசியில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு.

இங்கே கவனிக்க வேண்டியவை: ஒரே எண்ணுக்குள் நாலைந்து சல்லிவன்கள் அடைப்புக்குறி போட்டுச் சேர்ந்திருந்தால் அது கூட்டுக் குத்தகை, அநேகமாகப் பங்காளிகள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அது பெரும்பாலும் அப்பா பெயர் அல்லது கிளைப் பட்டம், ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் இருந்ததால் குமாஸ்தா போட்டது. குத்தகை கொடுத்தவர் லான்ஸ்டவுன் பிரபுவாக இல்லாமல் பக்கத்து வரியில் இருக்கும் இன்னொரு குடியானவராக இருந்தால் உங்கள் ஆள் அநேகமாக அவருக்குக் கீழே குடிசை போட்டிருந்த கூலிக்காரர். தளத்தில் உள்ள வரைபடம் பல இடங்களில் பிற்காலப் பதிப்பு என்பதால் எண்கள் பொருந்தாமல் போகலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

அச்சிட்டதோடு கதை முடியவில்லை. வரி வசூலிக்க வேண்டுமே, அதனால் ஆள் மாறும்போதெல்லாம் பழைய பெயரை வண்ண மையால் அடித்து, புதுப் பெயரை அதே மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். கேன்சல்டு புக்ஸ் என்று இவற்றுக்குப் பெயர். டேனியல் அடிக்கப்பட்டு ஜான் வந்த ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்னால் டேனியலின் இறப்பைத் தேடுங்கள். பெயருக்கு மேல் எல்.ஏ.பி. என்று முத்திரை விழுந்திருந்தால் நிலச் சட்டப்படி குடியானவர் நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டார் என்று பொருள். தெற்கின் ஏடுகளுக்கு டப்ளினில், 2023இல் பழைய மதிப்பீட்டுத் துறை இணைக்கப்பட்ட டால்டே ஏரன் (Tailte Éireann) என்ற அரசு அமைப்பை அணுக வேண்டும். வட அயர்லாந்து ஏடுகள் பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம்.

பஞ்சத்துக்கு முந்தைய ஏடு

1823 முதல் 1838 வரை எழுதிய தசமபாக ஏடுகள், அதாவது கத்தோலிக்கக் குடியானவரும் ஆங்கிலிக்கன் சபைக்குக் கட்ட வேண்டியிருந்த வரி. விளைநிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான் இருக்கும், நகரமும் நிலமில்லாதவரும் வெளியே. ஏக்கர் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், அது சாதாரண ஏக்கரில் 1.62 மடங்கு, நிலம் சுருங்கியதா விரிந்ததா என்று முடிவு கட்டும் முன் பெருக்கிப் பாருங்கள். இந்த ஏட்டையும் கிரிஃபித்தையும் ஒரே டவுன்லேண்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் 1845 முதல் 1852 வரை என்ன நடந்தது என்பது பெயர்கள் காணாமல் போவதிலேயே தெரியும்.

இதற்கும் முன்னே சாதாரணக் குடும்பங்களுக்கு வழி குறுகல். வடக்கே என்றால் ஆளி பயிரிட்டவர்களின் 1796 பட்டியல், எங்குமாக 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம், எஸ்டேட் கணக்கு ஏடுகள், 1660களின் அடுப்பு வரிப் பட்டியல்கள். எரிந்த காப்பகத்தின் ஏடுகளைப் பிற பிரதிகளிலிருந்து மீட்டெடுக்கும் விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி 2022 ஜூனில் திறந்தது, அவ்வப்போது பெயரைப் போட்டுப் பார்ப்பது நல்லது. குடும்பச் சின்னம் என்று கேடயம் வரைந்து விற்கும் கடைகளில் காசைக் கொட்டாதீர்கள், அப்படிப்பட்ட சின்னம் தனி ஆளுக்கு வழங்கப்பட்டதே தவிர பெயருக்கு அல்ல.

ஆள் அவர்தானா?

நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதலில் இறங்கியவர் கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர். பல பத்தாண்டுகள் அவர் டெக்சாஸ் பக்கம் போய் வாழ்ந்ததாகவே சொல்லிவந்தார்கள். 2006இல் ஆவணங்களைப் புரட்டியபோது டெக்சாஸ் ஆனி இல்லினாயில் பிறந்த வேறொருவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டே போகவில்லை, 1924இல் அங்கேயே இறந்தார். அவ்வளவு பிரபலமானவருக்கே இந்தக் கதி.

எனவே ஒரு ஆளை மரத்தில் ஏற்றும் முன் பெயரைத் தவிர இரண்டு விஷயங்களாவது பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: டவுன்லேண்டும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும், அல்லது டவுன்லேண்டும் ஞானப்பெற்றோரும். வயது பொருந்துவதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அதே பெயரில் பக்கத்தில் இருந்த மற்ற ஆளையும் தேடி, அவர் எங்கே கல்யாணம் செய்தார், எங்கே இறந்தார் என்று முடித்து வைத்துவிட்டால் மிஞ்சியவர் உங்களவர். மரபணுச் சோதனை செய்திருந்தால், பொருந்திய உறவினர்களிடம் முதல் கேள்வியாக அவர்கள் குடும்பத்து டவுன்லேண்ட் எது என்று கேளுங்கள். கவுண்டி பெயரை மட்டும் சொன்னால் விடாதீர்கள், பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் செருகியிருக்கும் நினைவு அட்டை, பழைய கடித உறையின் முகவரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.